என் வீட்டுக்காரரின் மேடான் கிளப்

எனக்குக் கல்யாணமாகி ரங்கூன் வந்து சேர்ந்தபோது, என் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே வேறொரு இடத்தில் மனசு போயிருந்தது. அது எனக்குத் தெரியவர மூன்று மாதம் ஆயிற்று.

நாகப்பட்டினத்தில் பெண் பார்க்க வந்தபோது அவரைப் பற்றிச் சொன்னது கொஞ்சம்தான். மாப்பிள்ளை ரங்கூன் ஜெட்டியில் கப்பலுக்கு அரிசி மூட்டை ஏற்றுகிற ஆட்களுக்கு மேஸ்திரி. அதற்கு முன்னால் சில வருஷம் டெலியில் இருந்தவர். குடி கிடையாது. இடது காலை லேசாகச் சாய்த்து நடப்பார். டெலி என்றதை என் அப்பா டெல்லி என்று எடுத்துக்கொண்டு, "டில்லிவரைக்கும் போய் வந்த பையன்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது சுமத்ராவில் புகையிலைத் தோட்டங்கள் இருக்கிற சீமை, மேடான் அதன் பட்டணம் என்பதெல்லாம் கப்பல் ஏறிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ரங்கூனில் லான்மடாத் தெருவில் ஒரு மரக் கட்டடத்தின் மாடியில் எங்களுக்கு ஓர் அறையும் சமையல் பண்ணக் கொஞ்சம் இடமும். கீழே ஒரு பர்மாக்காரி மீன்குழம்பு ஊற்றின சேமியா விற்றாள்; மொஹிங்கா என்று அதற்குப் பேர். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஜெட்டி ஆட்களுக்கு வருஷக்கணக்காகப் பரிமாறிப் பரிமாறி, தமிழைத் தன் இஷ்டத்துக்கு வளைத்துப் பேசுவாள். என்னை ஞீமா என்பாள். தங்கச்சி என்று அர்த்தம். அந்த ஊரில் முதலில் எனக்குக் கிடைத்த பேச்சுத்துணை அவள்தான். வீட்டுக்காரரிடமிருந்து எனக்குக் கிடைத்த பேச்சு, "சோறு போடு", "வெந்நீர் வை", "கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்க" என்ற மூன்றோடு சரி. கெட்டவர் இல்லை. கை ஓங்கினவர் இல்லை. ஆனால் வாய் திறந்து ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டார். ஊமைக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டோமோ என்று சில நாள் பகலெல்லாம் ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டு யோசித்திருக்கிறேன்.

பினாங்குக் கப்பல் வருகிற நாளில் மட்டும் இந்த மனிதர் வேறு ஆளாகிவிடுவார். வேலை முடிந்து வந்து மறுபடியும் முகம் மழிப்பார். தலைக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்து வாருவார். இருப்பதில் நல்ல வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "வர்றேன்" என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போவார். திரும்பி வரும்போது ஒன்று, ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருவார். இல்லையென்றால் முகம் செத்துப்போய் வந்து, வைத்த சோற்றைத் தொடாமல் படுத்துக்கொள்வார்.

இதை நான் கவனித்ததற்கு முன்பே மொஹிங்காக்காரி கவனித்துவிட்டாள்.

"ஞீமா, உன் ஆளு சோக்கா போறான். எங்க போறான்?"

"ஜெட்டிக்கு."

"ஜெட்டிக்கு எண்ணெய் வச்சுப் போவானா? மயாங்கே இருக்கு. பாத்துக்கோ."

மயாங்கே என்றால் சின்ன வீடு. அந்தச் சொல்லை முதன்முதலில் கேட்டபோதே எனக்குப் புரிந்துபோனது. அப்புறம் ஒவ்வொரு பினாங்குக் கப்பலுக்கும் நான் ஜன்னலிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் எப்படி இருப்பாள், சீனத்தியா, மலாய்க்காரியா, கப்பலில் வந்து போகிறவளா, கரையிலேயே இருக்கிறவளா என்று யோசித்து யோசித்து, கடைசியில் அவளுக்கு ஒரு முகமே என் மனசில் வந்துவிட்டது. என்னைவிடச் சிவப்பு. நன்றாகச் சிரிப்பாள்.

அடுத்த கப்பல் வந்த அன்று மொஹிங்காக்காரி கடையை மகளிடம் விட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, "வா" என்றாள். இரண்டு பேரும் அவர் பின்னாலேயே போனோம். டிராம் பாதையைத் தாண்டி, கிடங்குகளுக்கு நடுவே இருந்த சந்தில் நுழைந்து, ஜெட்டிக்கு எதிரே இருந்த ஒரு டீக்கடைக்குள் அவர் போனார். நாங்கள் எதிர்ப்பக்கம் அடுக்கியிருந்த சாக்குகளின் மறைவில் நின்றோம்.

உள்ளே அவருக்காக ஓர் ஆள் காத்திருந்தார். பெண் இல்லை. தாடி நரைத்த ஒரு பாய். மேடான் பக்கமும் போய் வருகிற அந்தக் கப்பலில் சமையல் பார்க்கிற பண்டாரி என்று பின்னால் தெரிந்தது. கீழக்கரைக்காரர். மேசையில் ஒரு தட்டு நிறையச் சமோசா இருந்தது. அதை இரண்டு பேரும் தின்னவில்லை. பாய் அதை வரிசை வரிசையாக மேசைமேல் பரப்பிக்கொண்டிருந்தார்.

"இது நம்ம மேடான் கோல்கீப்பர். இவன் இங்கன நிக்கிறான். இந்தா, இந்தப் பக்கமா அவனுக ரெண்டு பேரு வர்றானுக..."

"லெஃப்ட் பேக் எங்க பாய் போனான்?" என் வீட்டுக்காரர் குரல்தான். அவ்வளவு பெரிய குரல் அவருக்கு உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

"அவன் மேலே ஏறிப் போயிட்டான் தம்பி. திரும்பி வர்றதுக்குள்ள கோலு!"

"ஏறிப் போகலாமா? அவன் ஏறலாமா?" என்று கத்தி, எழுந்து, இல்லாத பந்தை இவர் காலால் எத்தினார். மேசை ஆடி, டீ கவிழ்ந்து, சமோசாவெல்லாம் நனைந்தது. கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பல் எல்லாம் தெரியச் சிரித்தார். என் கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து அன்றுவரை நான் அந்தப் பற்களைப் பார்த்ததில்லை.

மொஹிங்காக்காரி வாயைப் பொத்திக்கொண்டு, "பந்து! ஞீமா, வெறும் பந்து!" என்று சிரித்தாள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. டிராம் பாதைவரை அந்த நிம்மதி இருந்தது. அதைத் தாண்டும்போதே அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்துவிட்டது. பெண்ணாக இருந்தால் தலைமயிரைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டிருக்கலாம். கடலுக்கு அந்தப் பக்கம் பந்து விளையாடுகிற பதினொரு பேரை நான் என்ன செய்ய முடியும்?

சாப்பாடு போடும்போது கேட்டேவிட்டேன். "மேடான்ல யாருங்க இருக்கா?"

சோற்றைப் பிசைந்த கை நின்றது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கப்பல் வந்தா போறீங்க. அங்க யாரு இருக்கா?"

"எங்க கிளப்" என்றார்.

பிறகு அணை உடைந்த மாதிரி பேச ஆரம்பித்தார். சோறு காய்ந்து விரலில் ஒட்டிப்போகிறவரை பேசினார். மேடானில் புகையிலைக் கட்டு ஏற்றி இழுக்கிற மாட்டு வண்டிக்காரர்கள் எல்லாம் நம் ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டிகளை அவிழ்த்துவிட்ட பிறகு, அந்த வண்டிப்பேட்டையில் சாக்கைச் சுருட்டிக் கயிறு கட்டி உதைத்து ஆரம்பித்ததுதான் கிளப். அப்புறம் பினாங்கிலிருந்து ஒரு தோல் பந்து வந்தது. தபாலாபீஸ் சேவகன் ஒரு மலாய்க்காரன் கோல்கீப்பராகச் சேர்ந்தான். சீனத்தச்சன் ஒருவன் கம்பம் நட்டுக் கொடுத்துவிட்டு, நானும் ஆடுவேன் என்று நின்றான். தோட்டத்து டச்சுக்காரத் துரைகளின் டீமோடு முதல் தடவை மோதியபோது ஒன்பது கோல் வாங்கினார்கள். "பூட்ஸ் போட்டவனுக்கு எதிரே வெறுங்காலு. எப்படித் தாங்கும்?" ஆனாலும் வருஷா வருஷம் போய் மோதினார்கள். ஒன்பது ஆறாயிற்று, ஆறு மூன்றாயிற்று. ஒரு மழை நாளில், கோல்கீப்பர் பந்தை முகத்தால் தடுத்து இரண்டு பல் போன அன்று, ஆட்டம் சரிக்குச் சரியாக முடிந்தது. அன்று லெஃப்ட் பேக்காக, கோலுக்கு முன்னால் இடப்பக்கம் காவலாக, நின்றவர் என் வீட்டுக்காரர். துரைகள் பக்கத்திலிருந்து ஓடி வந்தவன் ஒருவனையும் தாண்டவிடவில்லையாம். வண்டிக்காரர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மாரியம்மன் கோயில்வரைக்கும் போனார்களாம். அதற்கடுத்த வருஷம்தான் ஒரு பூட்ஸ் கால் அவர் முட்டியை உடைத்தது.

சொல்லி முடித்தபோது அவர் முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. எனக்கோ எரிந்தது. மூன்று மாதமாக எனக்கு வராத பேச்சு எல்லாம் இவர்களுக்காக எடுத்து வைத்திருந்ததுதான் என்று தெரிந்தால் யாருக்கு எரியாது?

அன்றிலிருந்து நான் மேடான் கிளப்போடு குடித்தனம் நடத்தினேன். பாய் கொண்டுவருகிற சேதி எங்கள் வீட்டு அடுப்புவரை வரும். அந்த வருஷம் கிளப்புக்குப் போறாத காலம். முன்னால் நின்று ஆடுகிற இரண்டு பேரைப் பெரிய தோட்டத்து டீம் ஒன்று வேலை கொடுத்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. வண்டிப்பேட்டையில் பாதியைக் கிடங்கு கட்ட வளைத்துப்போட்டார்கள். ஒரு கப்பலில் தோல்வி, அடுத்த கப்பலில் தோல்வி, அதற்கடுத்ததில் ஒரு டிரா. தோற்ற சேதி வந்த அன்று வீட்டில் இழவு விழுந்த மாதிரி. நான் வைத்த மீன்குழம்பு அப்படியே கிடக்கும். நான் அழுதிருந்தால்கூட அவர் இவ்வளவு வாடியிருப்பாரா என்று நினைத்துக்கொள்வேன்.

மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அன்று பார்த்துக் கப்பல் வந்தது. போகமாட்டார் என்றுதான் நினைத்தேன். என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "கொய்னா வாங்கிட்டு வந்துர்றேன்" என்றார். ஆனால் தலையை வாரிக்கொண்டு போனார். மொஹிங்காக்காரிதான் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணி போட்டாள். கொய்னா வாங்கிக்கொண்டுதான் வந்தார், பொய் சொல்லக்கூடாது. ஆனால் மருந்துக்கடை நாலு வீடு தள்ளி. அவர் வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. மருந்தை நீட்டியபோது நான் கேட்டேன்: "ஜெயிச்சாங்களா?"

"ம்" என்றார். என் குரலில் இருந்தது அவர் காதில் விழவே இல்லை. "ரெண்டு கோலு" என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அந்த ஜெயிப்புக்குப் பிறகு கிளப் தலை தூக்க ஆரம்பித்தது. வரிசையாக ஜெயித்தார்கள். ஆனால் என் வீட்டுக்காரர் வரவர முணுமுணுப்பதை நிறுத்திவிட்டார். ஜெயித்த சேதி கேட்டுவிட்டு வந்தும் முகம் தொங்கிப்போயிருந்தது. ஒருநாள் தானாகவே சொன்னார்.

"புதுசா ஒருத்தன் வந்திருக்கானாம். வண்டிக்காரர் மகன்தான். அவன் வந்த பிறகு கோலே விழலையாம். பாய் அவனைத் தவிர வேற பேச்சே பேசமாட்டேங்கிறாரு."

"நல்லதுதானே."

"லெஃப்ட் பேக்" என்றார். முட்டியைத் தடவிக்கொண்டே, "என்னோட இடம்" என்றார்.

அவர் குரலில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியாதா? ஒரு வருஷமாக அதைத்தானே நான் தின்று கொண்டிருந்தேன். என் முன்னால் உட்கார்ந்திருந்தவர், பார்த்தேயிராத ஓர் இளவட்டத்தின்மேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்தார். எனக்கு ஒரு பக்கம் திருப்தியாக இருந்தது. இன்னொரு பக்கம், முட்டியைத் தடவிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அடுத்த கப்பல் வந்தபோது அவர் டீக்கடைக்குப் போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு வேலையும் இல்லாமல் குடையைப் பிரித்துப் பிரித்து மூடினார்.

பாய் விடவில்லை. விசாரித்துக்கொண்டு எங்கள் மாடிக்கே ஏறி வந்துவிட்டார். மூச்சு வாங்க, வாசலில் நின்றபடியே, "தம்பி, சேதி தெரியுமா? நம்ம டீமு ரங்கூன் வருது!" என்றார். இங்கே அரிசி ஆலை வைத்திருந்த முதலாளி ஒருவருக்கு மேடானில் வியாபாரம் உண்டு. தன் ஆலை ஆட்களின் டீமோடு ஓர் ஆட்டம் ஆட அவர் கூப்பிட்டிருந்தார். என் வீட்டுக்காரர் குடையைக் கீழே போட்டார்.

"எல்லாரும் நம்ம வீட்டுல சாப்பிடணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். முதல் தடவையாக அந்தக் கிளப் விஷயத்தில் என்னிடம் அவருக்கு ஒன்று வேண்டியிருந்தது.

கப்பல் வந்த அன்று என்னையும் ஜெட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அக்கரையில் தன்லியின் என்ற ஊரின் எண்ணெய் ஆலைப் புகை சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. சிவப்புச் சட்டை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் இறங்கினார்கள். எல்லாரும் இருபது, இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகள். இவர் ஆடிய காலத்து ஆள் ஒருவர்கூட அதில் இல்லை. இவர் முன்னால் போய், கையைப் பிசைந்துகொண்டு, "நான்தான்... அந்த மழை மேட்ச்ல லெஃப்ட் பேக்" என்றார்.

தலைவனாக வந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். "அப்படியாண்ணே? சந்தோஷம்ணே." அவனுக்கு எந்த மழை மேட்ச் என்று தெரியவில்லை. மூட்டையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தான்.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய நேரம் அது. என் சக்களத்தி அவரைக் கண்டுகொள்ளாமல் போகிறாள் அல்லவா. ஆனால் எனக்கு அந்தப் பிள்ளைகளின் முதுகைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்தார்கள். ஆட்டுக்கறி, ரசம், வறுத்த கருவாடு. மொஹிங்காக்காரி தன் பங்குக்கு ஒரு பானை கொண்டுவந்து வைத்தாள். அறை போதாமல் படிக்கட்டுவரை இலை போட்டோம். புது லெஃப்ட் பேக் கதவோரம் உட்கார்ந்திருந்தான். கட்டான உடம்பு, வெட்கப்பட்ட கண். கறியை இரண்டாந்தரம் கேட்கக் கூச்சப்பட்டான். அவன்தான் கேட்டான்: "அண்ணனுக்கு எங்க கிளப்பு எப்படிப் பழக்கம்?"

"கொஞ்ச நாள் ஆடினேன் தம்பி" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

நான் கரண்டியைச் சட்டியில் போட்டேன். "கொஞ்ச நாளா?" என்றேன். "தம்பி, உங்க கிளப்புக்கு முதல் பந்து எதுன்னு தெரியுமா?"

அவன் திருதிருவென்று விழித்தான். நான் நின்றபடியே சொல்ல ஆரம்பித்தேன். சாக்குப் பந்து, பினாங்குத் தோல் பந்து, கம்பம் நட்ட தச்சன், ஒன்பது கோல், ஆறு கோல், மூன்று கோல். ஒரு வருஷமாக வேண்டாவெறுப்பாகக் கேட்டுக் கேட்டு எனக்கு எல்லாம் மனப்பாடம். மழை மேட்சில் கோல்கீப்பருக்கு இரண்டு பல் போனதைச் சொன்னபோது, கூட வந்திருந்த மலாய்ப் பையன் மற்றவர்களிடம் என்ன பேச்சு என்று கேட்டான். அவனுக்கு எடுத்துச் சொன்னார்கள். அவன் படபடவென்று ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தலைவன் பையன் அதை எனக்குச் சொன்னான்.

"அக்கா, அந்த கோல்கீப்பரு இவனுக்கு மாமாவாம். மூணு பல்லுன்னுல்ல ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாராம்!"

"ரெண்டுதான்" என்றேன். "கேட்டுட்டுச் சொல்லச் சொல்லுங்க." பிறகு, அன்றைக்கு லெஃப்ட் பேக்கில் நின்றது யார், தோளில் தூக்கிப் போனது யாரை, முட்டி எப்படி உடைந்தது என்று ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லும்போதே படியில் குடத்தோடு அவர் நிற்பது தெரிந்தது. நான் நிறுத்தவில்லை.

புது லெஃப்ட் பேக் இலையை மடித்துவிட்டு எழுந்தான். கை கழுவிக்கொண்டு நேராக அவரிடம் போனான். "அண்ணே, நாளைக்கு மைதானத்துல நம்ம பக்கத்துக் கோட்டுக்கிட்ட வந்து நில்லுங்க. நான் தப்பா நின்னா கூப்பிட்டுச் சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் குடத்தைத் தூக்கியபடியே தலையாட்டினார்.

ஆட்டம் பார்க்க நானும் போனேன். மொஹிங்காக்காரி கூட வந்ததால் தைரியம். என்னைத் தவிர அந்தப் பக்கம் நம் பெண்கள் யாரும் இல்லை. பர்மாக்காரிகள் நிறையப் பேர் சுருட்டுப் பிடித்துக்கொண்டு சத்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆலை டீம் கெட்டிக்கார டீம். முதலில் ஒரு கோல் போட்டார்கள். மேடான்காரர்கள் பிற்பாதியில் ஒன்று போட்டு, ஆட்டம் சரிக்குச் சரியாக முடிந்தது. எனக்கு ஆட்டம் தெரியாது. ஆனால் அந்த லெஃப்ட் பேக் பையன் பந்து எங்கே வருமோ அங்கே அதற்கு முன்னாலேயே நின்றதைத் தெரியாதவர்கூடப் பார்க்கலாம். என் வீட்டுக்காரர் கோட்டுக்கு அருகே நின்றார். ஒரு தடவைகூடக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு நான் பக்கத்தில் போனேன்.

"நல்லா ஆடுறான்" என்றார்.

"உங்களை விடவா?"

கசப்பு மருந்தை விழுங்குகிற மாதிரி, "ஆமா" என்றார்.

"எனக்கென்ன தெரியும்?" என்றேன். "நீங்க ஓடி நான் பாத்ததே இல்லையே."

மேடானில் வண்டிக்காரன் பார்த்திருக்கிறான். தச்சன் பார்த்திருக்கிறான். பேர் தெரியாத துரைகள்கூடப் பார்த்திருக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது முட்டி உடைந்த பிறகு உள்ளவர். இவ்வளவு நாளும் என்னை அரித்தது இதுதான் என்று அந்தப் புழுதியில் நின்று எனக்குத் தெரிந்தது. அவர் என்னையே பார்த்தார். திரும்பிப் போகும்போது டிராமில் எனக்கு இடம் பிடித்து உட்காரவைத்து, தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று வந்தார்.

டீம் ஊர் திரும்பிய பிறகு பாய்க்கு எங்கள் மாடிப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. டீக்கடைக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்துவிடுவார். ஒருமுறை கப்பல் சீக்கிரம் வந்துவிட்டது. இவர் வேலையிலிருந்து வரவில்லை. பாய் வாசலிலேயே உட்கார்ந்து, நான் கொடுத்த வெற்றிலைப் பாக்கைத் தரையில் பரப்பி, மேடானில் நடந்த கோப்பை ஆட்டத்தை எனக்குச் சொன்னார். மூன்று கோலில் தோற்றுவிட்டார்கள். புது லெஃப்ட் பேக்குக்குக் காய்ச்சலாம், அவன் ஆடவில்லையாம். நான் பதிலுக்குக் கேள்வி கேட்டேன். ரைட் பேக்கை ஏன் அந்தப் பக்கம் மாற்றவில்லை என்றேன். பாய் தாடையைத் தடவிக்கொண்டு, "நீ சொல்றது சரிதான் தங்கச்சி" என்றார்.

வீட்டுக்காரர் வந்ததும் நான் சேதியைச் சொல்லவில்லை. முதலில் இலை போட்டேன். வயிறு நிறையச் சாப்பிடவிட்டு, கை கழுவித் துடைத்த பிறகு, "மூணு கோலு" என்றேன்.

"என்ன மூணு?"

"மேடான்ல. தோத்துட்டாங்க. பாய் வந்தாரு."

அவர் தோல்விக்கு வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ துண்டைக் கையில் பிடித்தபடி என்னை முறைத்தார். "எங்கிட்ட சொல்லாம உங்கிட்ட எப்படி அவரு முதல்ல சொல்லலாம்?"

"நான்தான் வீட்டுல இருந்தேன்."

"காத்திருக்கலாமே! எல்லாத்தையும் சொன்னாரா? ஒவ்வொரு கோலும் எப்படின்னு?"

"சொன்னாரு."

"நீ கேள்வி வேற கேட்டியா?"

"கேட்டேன். ரைட் பேக்கை மாத்தியிருக்கணும்னேன். சரிங்கிறாரு."

அவர் முகம் சிவந்துபோயிற்று. "ரைட் பேக்கையா? உனக்கு என்ன தெரியும்?" என்று கோரைப்பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எனக்கு வந்த சந்தோஷத்தை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று, கழுவி வைத்திருந்த சட்டியையே எடுத்து மறுபடியும் கழுவினேன்.